பூப்பருவத் தொடக்கத்தில் தொட்டி மாற்றம்: கஞ்சாச் செடியை முன்வைத்து ஒரு தாவர உடலியல் விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தொட்டியில் வளரும் ஒருபருவச் செடியைப் பூக்கத் தொடங்கிய பின் வேறு தொட்டிக்கு மாற்றலாமா என்னும் வினாவுக்குத் தோட்டக்கலை நடைமுறையில் முரண்பட்ட விடைகள் வழங்குகின்றன. கஞ்சாச் செடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒளிக்காலத்துவம், வேரின் நீர் உறிஞ்சல், தொட்டி மண்ணின் நீர்நிலை, பால் வெளிப்பாடு ஆகிய நான்கு கூறுகளின் வழி இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. தொட்டி மாற்றத்தின் நன்மை தீமைகளைத் தீர்மானிப்பது தொட்டியின் அளவன்று, வேர் வளர்வதற்குச் செடியிடம் எஞ்சியிருக்கும் காலமே என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: ஒளிக்காலத்துவம், குறும்பகல் தாவரம், தொட்டி மாற்றம், வேர்த்தூவி, நீர்த்தேக்க அடுக்கு, பால் வெளிப்பாடு.

முன்னுரை

சிறு தொட்டியில் வளர்ந்த செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது தோட்டக்கலையின் எளிய செயல்களுள் ஒன்று. உடலப் பருவத்தில் இச்செயலால் நேரும் தளர்ச்சி சில நாட்களில் நீங்கிவிடும். பூப்பருவத்தில் நிலைமை வேறு. பல்லாண்டுச் செடி ஒரு பருவத்தில் இழந்ததை மறுபருவத்தில் ஈடுசெய்ய வல்லது. ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து மடியும் செடிக்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே அதன் பூப்பருவத்தில் வீணாகும் ஒவ்வொரு நாளும் விளைச்சலிலிருந்தே கழிகிறது.

இச்சிக்கல் கஞ்சாச் செடியில் தெளிவாகப் புலப்படுகிறது. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒரு வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்க இடமளிக்கிறது. சில மாகாணங்கள் இதனைத் தம் சட்டத்தால் கட்டுப்படுத்தியதும் உண்டு. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்தோர் ஒருவர் மூன்று செடிகள் வரை வளர்க்கலாம். செடிகளின் எண்ணிக்கைக்குச் சட்டமே வரம்பு கட்டுவதால், இருக்கும் ஒவ்வொரு செடியையும் பெரிதாக்க வேண்டும் என்னும் எண்ணம் அங்குள்ள வளர்ப்போரிடம் எழுவது இயல்பு. பூக்கத் தொடங்கிய செடி தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்துவிட்டது எனக் காண்போர் அதனைப் பெரிய தொட்டிக்கு மாற்ற முற்படுகின்றனர். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இச்செடியைத் தனியார் வளர்ப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. நாருக்காகவோ விதைக்காகவோ தோட்டக்கலைக்காகவோ அரசு தனி ஆணை வழி இசைவளிக்க அதன் 14ஆம் பிரிவு இடந்தருகிறது. இக்கட்டுரையின் நோக்கம் வளர்ப்பை ஊக்குவிப்பதன்று. பூத்தலுக்கும் வேருக்கும் இடையிலான உறவை நன்கு ஆராயப்பட்ட ஒரு செடியின் வழி விளக்குவதே.

பெயர்க் குழப்பம்

இச்செடியைப் பற்றித் தமிழில் எழுதுவோர் முதலில் எதிர்கொள்வது பெயர்ச் சிக்கல். நாருக்காக வளர்க்கப்படும் கஞ்சா வகையைச் ‘சணல்’ என மொழிபெயர்க்கும் வழக்கம் உள்ளது. ஆனால் இன்றைய தமிழில் சணல் என்பது கோணிப்பைக்கு நார்தரும் கார்க்கோரஸ் இனத்தையே பெரிதும் குறிக்கிறது. பசுந்தாள் உரமாகப் பயன்படும் சணப்பு அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. கஞ்சாவோ இவ்விரண்டிலிருந்தும் வேறான கன்னாபேசியே குடும்பத்தது. பியர் தயாரிப்பில் பயன்படும் ஹாப் கொடியே அதன் நெருங்கிய உறவு. லின்னேயஸ் 1753இல் இதற்குக் கன்னாபிஸ் சட்டைவா எனப் பெயரிட்டார். லாமார்க் 1785இல் இந்தியச் செடியைக் கன்னாபிஸ் இண்டிகா எனத் தனி இனமாகப் பிரித்தார்.

சட்ட வழக்கில் ‘கஞ்சா’ என்னும் சொல் இன்னும் குறுகியது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளைக் குறிக்கிறது. நுனிகளோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்கா. ஆகவே பூத்தல் என்பது இச்செடியைப் பொறுத்தவரை உடலியல் எல்லையாக மட்டுமன்றிச் சட்ட எல்லையாகவும் அமைகிறது. இக்கட்டுரையில் செடி முழுவதையும் குறிக்கக் ‘கஞ்சாச் செடி’ என்னும் தொடர் ஆளப்படுகிறது.

ஒளிக்காலமும் பூத்தலும்

பூத்தலைப் பகலிரவின் நீளம் ஆளுகிறது என்னும் கண்டுபிடிப்பில் கஞ்சாச் செடிக்கு நேரடிப் பங்கு உண்டு. பிரெஞ்சு ஆய்வாளர் ஜூலியன் டுர்னுவா ஹாப், கஞ்சா ஆகிய செடிகளில் ஆய்வு செய்து 1912, 1914 ஆகிய ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார். குறுகிய ஒளிக்காலத்தில் வளர்ந்த செடிகள் மிக இளமையிலேயே பூத்ததை அவர் கண்டார். பகல் குறைவதைவிட இரவு நீள்வதே காரணமாகலாம் என்றும் அவர் கருதினார். முதல் உலகப் போரில் அவர் உயிரிழந்ததால் அவ்வாய்வு தொடரவில்லை. பின்னர் அமெரிக்க வேளாண் துறையைச் சார்ந்த கார்னர், அல்லார்டு ஆகியோர் மேரிலாந்து மாமத் என்னும் புகையிலை வகையையும் சோயா மொச்சையையும் கொண்டு 1920இல் வெளியிட்ட ஆய்வே ஒளிக்காலத்துவம் என்னும் கோட்பாட்டை நிலைநாட்டியது.

ஒளிக்காலத்தை உணர்வது இலை. பூவாக மாறுவது தண்டின் நுனி. இலையிலிருந்து நுனிக்குச் செய்தி கொண்டுசெல்லும் பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் எனக் கருதிய ரஷ்ய ஆய்வாளர் சைலக்யான் 1930களில் அதற்கு ஃப்ளோரிஜென் எனப் பெயரிட்டார். எஃப்.டி. என்னும் புரதமும் நெல்லில் அதற்கு நிகரான புரதமும் அப்பணியைச் செய்வதை 2007இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இச்செய்தி உணவுக்குழாய்த் திசு வழியே சர்க்கரையோடு சேர்ந்தே நகர்கிறது. இலையின் நலமும் உணவோட்டமும் குன்றினால் பூத்தலும் குன்றும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

செயற்கை ஒளியில் வளர்ப்போர் உடலப் பருவத்தில் நாளொன்றுக்கு 18 மணி நேர ஒளியும், பூக்கச் செய்வதற்கு 12 மணி நேர ஒளியும் 12 மணி நேர இருளும் அளிப்பது பொதுவழக்கு. ஒளிக்காலம் மாறிய நாளிலேயே செடி வளர்ச்சியை நிறுத்துவதில்லை. ஏறத்தாழ முதல் இரண்டு மூன்று வாரங்களில் தண்டு விரைந்து நீள்கிறது. சில வகைகள் இக்காலத்தில் இருமடங்கு உயரம் வரை வளர்வதுண்டு. அதன்பின் நீட்சி ஓய்ந்து பூங்கொத்துகள் பருக்கத் தொடங்குகின்றன. வகைக்கேற்ப எட்டு முதல் பத்து வாரங்கள் வரை நீளும் பூப்பருவத்தில் இந்த நீட்சிக் காலமே ‘தொடக்கம்’ எனப்படுகிறது. தொட்டி மாற்றம் பற்றிய கருத்து வேறுபாடுகள் யாவும் இச்சில வாரங்களையே மையமிட்டவை.

வேரின் நிலை

செடியின் நீர்த்தேவையைப் பெரும்பாலும் நிறைவேற்றுபவை தடித்த வேர்கள் அல்ல. இளவேர்களின் நுனிப்பகுதியும் அங்குள்ள வேர்த்தூவிகளுமே. தொட்டியிலிருந்து வேர்ப்பந்தைப் பெயர்த்தெடுக்கும்போது முதலில் அறுபடுவன இவையே. அறுபடாத தூவிகளும் மண்துகளோடு கொண்ட நெருக்கத்தை இழக்கின்றன. இலைப்பரப்போ குறையாமல் அப்படியே இருக்கிறது. உறிஞ்சும் பரப்பு சுருங்கி, நீராவிப்போக்கு மாறாமல் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வே நடவு அதிர்ச்சியின் அடிப்படை.

இதற்குச் செடி காட்டும் முதல் எதிர்வினை இலைத்துளைகளை மூடுதல். நீர்ப் பற்றாக்குறையில் பெருகும் அப்சிசிக் அமிலம் இம்மூடலைத் தூண்டுகிறது. துளை மூடினால் நீரிழப்புக் குறையும், கரியமில வாயு உட்புகுதலும் குறையும், ஒளிச்சேர்க்கை தாழும். மேலும் வேர்நுனிகள் சைட்டோகைனின் உற்பத்தியாகும் முதன்மை இடங்களுள் ஒன்றாகும். அந்நுனிகள் அழியும்போது தண்டுக்குச் செல்லும் சைட்டோகைனின் அளவும் குறைகிறது. தண்டில் செல் பிரிதலையும் பக்க மொட்டுகளின் வளர்ச்சியையும் ஊக்குவிக்கும் ஹார்மோன் இது.

உடலப் பருவத்தில் இவ்விழப்பு ஈடாகிவிடுகிறது. இலைகள் ஆக்கும் சர்க்கரையில் கணிசமான பங்கு வேருக்குச் செல்வதால் புது நுனிகள் விரைந்து முளைக்கின்றன. பூங்கொத்துகள் உருவானபின் உணவை ஈர்க்கும் வலிமை மிக்க இடமாக அவையே மாறுகின்றன. ஒருபருவச் செடிகள் பலவற்றில் இனப்பெருக்கம் முனைப்படையும்போது வேர் வளர்ச்சி தளர்வது இதனால்தான். அப்போது வேரை அறுப்பது, மீட்டெடுக்கும் ஆற்றல் குறைந்திருக்கும் வேளையில் இழப்பை உண்டாக்குவதாகும். நீட்சிக் காலத்தின் முதல் நாட்களில் தண்டோடு வேரும் வளர்ந்துகொண்டிருப்பதால் மீட்சி இயலும். நீட்சி ஓய்ந்தபின் அது மிகக் கடினம். ‘பூப்பருவத் தொடக்கம்’ என ஒரே பெயரால் சுட்டப்படும் காலத்தின் முதல் வாரமும் மூன்றாம் வாரமும் வேரைப் பொறுத்தவரை வெவ்வேறு பருவங்கள் ஆகும்.

தொட்டியின் அளவு பற்றிய தவறான முடிவு

தொட்டி மாற்றத்துக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் வலுவான சான்று, பூர்ட்டரும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 65 ஆய்வுகளைத் தொகுத்த அவர்கள், தொட்டியின் கொள்ளளவு இருமடங்காகும்போது செடியின் உயிர்ப்பொருள் சராசரியாக 43 விழுக்காடு கூடுகிறது எனக் கண்டனர். சிறுதொட்டியில் வளர்ச்சி குன்றுவதற்கு முதன்மைக் காரணம் இலைப்பரப்பின் அலகுக்கான ஒளிச்சேர்க்கை குறைவதே என்பதும் அவர்களின் முடிவு.

இம்முடிவை ‘எப்போது பெரிய தொட்டிக்கு மாற்றினாலும் பயன் உண்டு’ எனப் பொருள்கொள்வது பிழை. அவ்வாய்வு ஒப்பிட்டது சிறுதொட்டியில் வளர்ந்த செடிகளையும் பெருந்தொட்டியில் வளர்ந்த செடிகளையும். பெருந்தொட்டியின் பயன் வேர் அதன் மண்ணில் பரவுவதால் கிடைப்பது. பரவுவதற்குக் காலம் வேண்டும். வேர் வளர்ச்சி தளர்ந்த செடிக்குக் கூடுதல் மண் கிடைத்தாலும், வேர் சென்று சேராத அம்மண் செடியின் பயன்பாட்டுக்கு வாராது.

பயன்படாமை மட்டுமன்று, அம்மண் தீங்கும் செய்யலாம். நீர் ஊற்றி வடிந்தபின்னும் எந்தத் தொட்டியின் அடியிலும் நீர் நிறைந்த அடுக்கு ஒன்று தேங்கி நிற்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் துகளமைப்பு. தொட்டியின் அகலம் அன்று. அடியில் கூழாங்கல் பரப்புவதால் அவ்வடுக்கு நீங்குவதில்லை. கல்லுக்கு மேலே ஏறி நிற்கிறது. வேர் நிறைந்த தொட்டியில் அந்நீரை வேர் உறிஞ்சி வற்றச் செய்கிறது. வேர் இல்லாத புதுமண்ணில் அது நாட்கணக்கில் தேங்குகிறது. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆகவே அப்பகுதியில் நுழையும் இளவேர் மூச்சடைத்து அழுகும் வாய்ப்பு மிகுகிறது.

பழைய மண்ணும் புதிய மண்ணும் துகளமைப்பில் வேறுபட்டால் இன்னொரு சிக்கல் எழும். நுண்துகள் மண்ணிலிருந்து பருந்துகள் மண்ணுக்கு நீர் எளிதில் கடப்பதில்லை. பழைய வேர்ப்பந்து நுண்துகள் மண்ணாலானதாயின், அது முற்றும் நிறைந்த பின்னரே நீர் வெளியே செல்லும். பழைய பந்து பருந்துகளாலானதாயின், சுற்றியுள்ள நுண்மண் ஈரமாக இருக்கையிலேயே பந்து உலர்ந்துபோகக்கூடும். மேல்மண் ஈரமாகத் தோன்றியும் செடி வாடுவதற்கு இது ஒரு காரணம். வாடலைக் கண்டு மேலும் நீரூற்றுவது கேட்டைப் பெருக்கும்.

பால் வெளிப்பாடு

கஞ்சாச் செடியில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் பொதுவாகத் தனித்தனிச் செடிகளில் தோன்றுகின்றன. பிசினுக்காக வளர்க்கப்படுவது மகரந்தம் படாத பெண்செடி. பெண்செடியில் ஓரிரு ஆண்பூக்கள் தோன்றினாலும் விதைபிடித்துப் பயன் குறையும். இத்துறையில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் எச். ஒய். மோகன் ராமும் அவர்தம் உடனாய்வாளர்களும் ஆற்றிய பணி அடிப்படையானது. எத்திலினை வெளியிடும் வேதிப்பொருளால் ஆண்செடியில் பெண்பூக்கள் தோன்றுவதை 1970இலும், ஜிப்ரலினால் பெண்செடியில் ஆண்பூக்கள் தோன்றுவதையும் அவ்விளைவை அப்சிசிக் அமிலம் தடுப்பதையும் 1972இலும் அவர்கள் வெளியிட்டனர். எத்திலினின் செயலைத் தடுக்கும் வெள்ளி உப்புகள் பெண்செடியில் ஆண்பூக்களைத் தூண்டுவதும் பின்னர் காட்டப்பட்டது.

தொட்டி மாற்றம் ஒன்றே ஆண்பூக்களைத் தோற்றுவிக்கும் என்று கூற இவ்வாய்வுகள் இடந்தரா. அவை நிறுவுவது ஒன்றே: இச்செடியின் பால் வெளிப்பாடு மரபணுவால் மட்டும் முடிவதன்று; ஹார்மோன்களின் சமநிலையையும் சார்ந்தது. வேர்ச்சிதைவும் நீர்ப் பற்றாக்குறையும் அதே ஹார்மோன்களின் அளவை மாற்றுவன. ஆதலின் பாலுறுப்புகள் உருவாகும் நாட்களில் அச்சமநிலையைக் குலைக்கும் செயலைத் தவிர்ப்பது முன்னெச்சரிக்கையாகும். இருட்காலத்தில் செடியை வெளியே எடுத்து வேலை செய்வதும் இத்தகையதே. குறும்பகல் தாவரத்துக்கு வேண்டுவது இடையறாத நீண்ட இருள். நடு இரவில் சிறிது நேரம் படும் ஒளியே பூத்தலைக் குலைக்க வல்லது என்பது ஹாம்னர், பானர் ஆகியோர் 1938இல் சாந்தியம் செடியில் செய்த ஆய்விலிருந்து அறியப்பட்டது.

நடைமுறை மரபுகள்

நடவு முந்தியும் பூத்தல் பிந்தியும் அமைய வேண்டும் என்பதை இக்கோட்பாடுகள் உருவாவதற்கு முன்பே உழவர் அறிந்திருந்தனர். இந்தியச் சணற்பொருள் ஆணையம் 1893–94இல் நடத்திய விசாரணையில் வங்காளத்தின் ராஜசாகி வட்டாரச் சாகுபடி விரிவாகப் பதிவாகியுள்ளது. அங்கு ஆகஸ்டில் நாற்றங்காலில் விதைத்து, செப்டம்பரில் நாற்றைப் பறித்து வயலில் நட்டனர். ஆண்செடிகளை இனங்கண்டு பிடுங்குவதற்குத் தேர்ந்தவர்கள் அதற்குப் பின்னரே வயலில் இறங்கினர். வேர் ஊன்றுவதற்கான கால இடைவெளி அந்நாட்காட்டியிலேயே அமைந்திருந்தது.

குறும்பகல் மலர்ச்செடிகளின் வணிக வளர்ப்பிலும் இதே ஒழுங்கு காணப்படுகிறது. வேரூன்றிய செவ்வந்திப் போத்துகளை விற்பனைக்குரிய இறுதித் தொட்டியிலேயே நட்டு, ஓரிரு வாரம் நெடும்பகல் அளித்து, அதன்பின்னரே குறும்பகலுக்கு மாற்றுகின்றனர். ஒளிக்காலத்துக்கு வினைபுரியும் நெடுநாள் சம்பா நெல்லிலும் இந்நெறி பொருந்தும். நடவு எவ்வளவு பிந்தினாலும் கதிர் வெளிவரும் காலம் பெரிதும் தள்ளிப்போவதில்லை. குறைவது தூர்கட்டும் காலமே. பட்டம் தவறிய நடவு விளைச்சலைக் குறைப்பதன் உடலியல் விளக்கமும் இதுவே.

கஞ்சாவில் ஒளிக்காலத்தைச் சாராது வயதால் பூக்கும் வகைகளும் உள. ரஷ்ய ஆய்வாளர் யானிஷெவ்ஸ்கி 1924இல் விவரித்த ருடெராலிஸ் இனத்தின் மரபு கலந்த இவற்றின் உடலப் பருவத்தை ஒளியைக் கூட்டி நீட்ட இயலாது. ஒளிக்கால வகையில் தொட்டி மாற்றியபின் பூத்தலைத் தள்ளிப்போடலாம். இவ்வகையில் அவ்வாய்ப்பும் இல்லை. எனவே விதையை இறுதித் தொட்டியிலேயே ஊன்றுவது இவற்றுக்கு உகந்தது.

முடிவெடுக்கும் நெறி

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொட்டி மாற்றத்தை ஒளிக்காலம் மாற்றுவதற்கு ஓரிரு வாரம் முன்னரே முடித்தல் வேண்டும். இரண்டாவது, தவறியவிடத்து, நீட்சி தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் வேர்ப்பந்து உடையாமல், ஒத்த துகளமைப்புடைய மண்ணுக்கு, சற்றே பெரிய தொட்டிக்கு ஒளிநேரத்தில் மாற்றுதல் பொறுக்கத்தக்கது. மூன்றாவது, பூங்கொத்துகள் திரண்டபின் மாற்றுதல் தகாது. அப்போது செடி அடிக்கடி வாடுமாயின், நீரையும் ஊட்டத்தையும் சிறிது சிறிதாகப் பலமுறை அளிப்பதே தக்க வழி. அது வேரைத் தொடாமலே சிறுதொட்டியின் குறையை ஈடுசெய்கிறது. நான்காவது, தொட்டி உடைதல், வேரழுகல் போன்ற நேர்வுகள் விதிவிலக்கு. அங்கு மாற்றாவிடில் செடியே அழியுமாதலால் இழப்பை ஏற்று மாற்ற வேண்டியுள்ளது.

வடிதுளையில் வேர் தெரிவதைக் கொண்டே செடி தொட்டிக்கு மிஞ்சிவிட்டது எனத் துணிதல் கூடாது. வேர் கீழ்நோக்கிச் செல்வது இயல்பு. நீரூற்றிய சில மணி நேரத்திலேயே செடி வாடுவதும், வேர்கள் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றி இறுகியிருப்பதும் சேர்ந்து காணப்படும்போதே அம்முடிவு பொருந்தும்.

முடிவுரை

‘பூப்பருவத்தில் தொட்டி மாற்றலாமா?’ என்னும் வினா ஆம், இல்லை என்னும் ஒற்றை விடைக்கு உரியதன்று. ‘புதுமண்ணில் வேர் பரவுவதற்குச் செடியிடம் எத்தனை நாட்கள் எஞ்சியுள்ளன?’ என அதனை மாற்றிக் கேட்டல் வேண்டும். நீட்சிக் காலத்தின் தொடக்கத்தில் அந்நாட்கள் ஓரளவு உள்ளன. பூங்கொத்து திரண்டபின் இல்லை. பெருந்தொட்டியின் நன்மையைக் காட்டும் ஆய்வுகள் வேர் பரவிய தொட்டிகளைப் பற்றியவை என்பதை மறந்து அவற்றைப் பிந்திய மாற்றத்துக்குச் சான்றாக்குவது பொருந்தாது. செவ்வந்தி, நெல் முதலிய பிற குறும்பகல் பயிர்களின் நடவுக் காலத்தை விளக்குவதற்கும் இவ்வினா துணைசெய்யும். பயிர்களின் நடவு மரபுகளை ஆராய்வோர், அம்மரபுகளில் குறிக்கப்படும் நாள் எல்லைகளை வேர் வளர்ச்சிக்கும் பூத்தலுக்கும் இடைப்பட்ட கால அளவாகக் கொண்டு நோக்கின், அவற்றின் பொருள் மேலும் துலங்கும்.